பாதுகாப்புக்கு எவ்வளவு? திருகோணமலையிலிருந்து போட்டுப் பார்த்த கணக்கு

கோணேசர் கோயிலுக்குப் போகிற எவரும் முதலில் பிரட்றிக் கோட்டையின் வாசலைக் கடக்க வேண்டும். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. பாதையோரம் படையினரின் கட்டடங்கள், அவற்றுக்கிடையே மேய்கிற மான்கள், அவற்றைத் தாண்டினால்தான் சுவாமிமலை. ஊருக்குள் திரும்பி வந்து டொக்யாட் பக்கம் போனால் உட்துறைமுகக் கரை முழுக்கக் கடற்படைத் தளம். குடாவுக்கு அப்பால் சீனக்குடாவில் விமானப்படை. முப்படையும் இவ்வளவு பெரிதாகக் குடியிருக்கிற ஊர் இலங்கையில் வேறு அதிகம் இல்லை. அதனால் எங்கள் ஊரில் பாதுகாப்புச் செலவு என்றால் என்ன என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை, கண்ணாலேயே பார்க்கலாம். அதன் கட்டணச் சீட்டைத்தான் நாங்கள் பார்ப்பதில்லை.

கடனில் மூழ்கிய ஒரு சின்ன நாடு பாதுகாப்புக்கு எவ்வளவு செலவழிக்கலாம்? ஒவ்வொரு வருடமும் பாதீடு வாசிக்கிறபோது இந்தக் கேள்வி எழும், இரண்டு நாளில் அடங்கும். போர் முடிந்து இத்தனை வருடமாகியும் இவ்வளவு எதற்கு என்று ஒரு பக்கம் கேட்பார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒன்றரை வீதம்தானே, உலகச் சராசரியை விடக் குறைவுதானே என்று மறுபக்கம் சொல்வார்கள். இரண்டாவது பேச்சு கணக்கு மாதிரித் தெரிவதால் அதுவே வென்றுவிடுகிறது. அந்தக் கணக்கைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

2023ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். நாடு வங்குரோத்தாகி வந்த முதல் முழு ஆண்டு அது. அந்தப் பாதீட்டில் பாதுகாப்பு அமைச்சுக்கு ஒதுக்கியது 410 பில்லியன் ரூபாய். பொலிஸையும் உள்ளடக்கிய பொதுமக்கள் பாதுகாப்பையும் சேர்த்தால் 539 பில்லியன். சுகாதாரத்துக்கு 322, கல்விக்கு 232. நாட்டின் மொத்த உற்பத்தி சுமார் 27.6 ட்ரில்லியன் ரூபாய் என்பதால் 410 பில்லியன் என்பது ஒன்றரை வீதம்தான். சரி. ஆனால் மொத்த உற்பத்தி என்பது நாட்டில் எல்லோரும் சேர்ந்து உண்டாக்கியது. அது அரசாங்கத்தின் பணம் இல்லை. அரசாங்கத்தின் கைக்கு அந்த ஆண்டு வந்த வருமானம் ஏறத்தாழ 3,050 பில்லியன். அதில் வட்டிக்கு மட்டும் போனது ஏறத்தாழ 2,450 பில்லியன். மிஞ்சியது 600 பில்லியன். அந்த 600இல் 410ஐப் பாதுகாப்புக்குக் கொடுத்தால், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அங்கேயே முடிந்துவிடுகிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வீதி, அரச ஊழியர் சம்பளம், ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் மிச்சமிருந்தது 200 பில்லியன் கூட இல்லை. குறைகிற அத்தனையும் மறுபடி கடன்.

ஒரு குடும்பமாக நினைத்துப் பாருங்கள். மாத வருமானம் ஒரு லட்சம். அடகுக்கடைக்கும் வட்டிக்காரருக்கும் எண்பதாயிரம் போகிறது. மீதி இருபதாயிரத்தில் பதின்மூன்றாயிரத்துச் சொச்சத்தைக் காவலாளிக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளையின் கொப்பிக்குக் கைமாற்று வாங்குகிற வீடு அது. அந்த வீடு இருக்கிற தெருவின் மொத்த வருமானத்தில் காவலாளியின் சம்பளம் எத்தனை வீதம் என்று கேட்டு என்ன பயன்?

நேட்டோ நாடுகள் 2014இல் வைத்துக்கொண்ட இரண்டு வீத இலக்கை நம்மவர்களும் மேற்கோள் காட்டுவதுண்டு. ஐரோப்பிய அரசுகள் தங்கள் மொத்த உற்பத்தியில் நாற்பது வீதம் அளவுக்கு வருமானமாகத் திரட்டுபவை. அவர்களுக்கு இரண்டு வீதம் என்றால் வருமானத்தில் இருபதில் ஒரு பங்கு. இலங்கை அரசின் வருமானம் 2022இல் மொத்த உற்பத்தியில் 8.3 வீதம். அந்த நிலையில் அதே இரண்டு வீதம் வருமானத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கை விழுங்கும். எண் ஒன்றுதான், சுமை ஐந்து மடங்கு. அதன்பின் வரிகள் ஏறி வருமானமும் உயர்ந்திருக்கிறது. சர்வதேச நாணய நிதியத்தின் திட்டப்படி 2025இலிருந்து வட்டியைக் கணக்கில் எடுக்காத மிகை மொத்த உற்பத்தியில் 2.3 வீதமாக இருக்க வேண்டும். அதாவது வட்டி தவிர்ந்த எல்லாச் செலவையும் வருமானத்துக்குள் அடக்கி, அதற்கு மேலும் மிச்சம் பிடிக்க வேண்டும். இந்த நெருக்கலில் ஒரு அமைச்சின் எண்ணை அசைக்காமல் வைத்தால் இன்னொன்று நசுங்கித்தான் ஆகும். 2025 பாதீட்டில் பாதுகாப்புக்கு 442 பில்லியன்.

இந்த நிலைக்கு எப்படி வந்தோம் என்பதைத் திருகோணமலையின் கதையே சொல்லும். இந்தத் துறைமுகத்தைக் காக்க நூற்றாண்டுக் கணக்கில் செலவழித்தவர்கள் வெளியார். போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினார்கள், ஒல்லாந்தர் பிடித்தார்கள், பிரித்தானியர் கடற்படைத் தளமும் சீனக்குடாவுக்கு மேலே காட்டுக்குள் எண்ணெய்க் குதங்களும் அமைத்தார்கள். 1947 நவம்பரில் செய்துகொண்ட பாதுகாப்பு உடன்படிக்கையின்படி சுதந்திரத்துக்குப் பிறகும் பிரித்தானியக் கடற்படை இங்கேயே இருந்தது. 1957 ஒக்டோபர் 15இல்தான் தளம் கைமாறியது. இலங்கை இராணுவம் 1949இலும் கடற்படை 1950இலும் விமானப்படை 1951இலும் தோன்றியபோது அவை சிறிய படைகள். அணிவகுப்பு, வெள்ள நிவாரணம், வேலைநிறுத்த நாட்களில் துறைமுகக் காவல், பெரும்பாலும் அவ்வளவுதான். 1962இல் இராணுவச் சதிமுயற்சி பிடிபட்டதும் அரசாங்கமே படைகளை இறுக்கியது, கடற்படையின் கப்பல்கள் சில விற்கப்பட்டன. 1983இல் போர் தொடங்கியபோது இராணுவத்தில் இருந்தவர்கள் பத்தாயிரத்துச் சொச்சம்.

அப்புறம் நடந்தது நமக்குத் தெரியும். கணக்குப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். தொண்ணூறுகளில் போருக்காகத் தேசிய பாதுகாப்பு வரி என்று தனியாக ஒரு வரி இருந்தது. ஷெல் விழுந்த ஊர்களில் சவர்க்காரம் வாங்கியவர்களும் அதைக் கட்டினார்கள். 2002இல் அது பெறுமதி சேர் வரிக்குள் கரைந்தது. 2007 ஒக்டோபரில், போர் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, இலங்கை முதன்முறையாக 500 மில்லியன் டொலருக்கு இறையாண்மைப் பிணைமுறி, அதாவது வெளிநாட்டுச் சந்தையில் அரசாங்கம் டொலரில் கடன் வாங்குகிற பத்திரம், வெளியிட்டது. பிற்பாடு நாட்டைக் கவிழ்த்தது அந்த வகைக் கடன்தான். 2009 மே மாதம் போர் முடிந்தது. இரண்டே மாதத்தில், ஜூலையில், நாணய நிதியத்திடம் 2.6 பில்லியன் டொலர் கடனுக்குப் போக வேண்டியிருந்தது. வெற்றி விழாவின் தோரணங்கள் அப்போது இன்னும் கழற்றப்பட்டிருக்கவில்லை.

போர் முடிந்தால் படை சுருங்கும் என்பது உலக வழக்கம். இங்கே சுருங்கவில்லை. 2023 ஜனவரியில் அரசாங்கமே சொன்ன எண்: இராணுவத்தின் அனுமதிக்கப்பட்ட ஆளணி 200,783. அதை 2024க்குள் 135,000 ஆகவும் 2030க்குள் ஒரு லட்சமாகவும் குறைப்பதாக அறிவித்தார்கள். பிரித்தானியாவின் முழுநேர இராணுவம் அந்தக் காலத்தில் ஏறத்தாழ 75,000 பேர். நம்மை விட மூன்று மடங்கு மக்கள் உள்ள, அணுவாயுதம் வைத்திருக்கிற நாடு அது.

இந்த ஆளணிதான் செலவின் உண்மையான முகம். பாதுகாப்புச் செலவு என்றதும் மனதில் வருவது விமானமும் கப்பலும். பாதீட்டில் பார்த்தால் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் மீண்டெழும் செலவு, அதாவது சம்பளம், படி, சாப்பாடு, சீருடை, எரிபொருள். புதிதாக எதையும் வாங்குவதற்கான மூலதனச் செலவு மிகச் சிறிய துண்டு. ஆகவே நம் நாடு பெரும்பாலும் வாங்குவது பாதுகாப்பை இல்லை, 2009இல் முடிந்துபோன ஒரு போரின் சம்பளப் பட்டியலை வருடா வருடம் புதுப்பிக்கிறது. இதை நான் கோபத்தோடு சொல்லவில்லை. அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் பெரும்பாலும் வறண்ட வலயத்துக் கிராமங்களின் பிள்ளைகள். கந்தளாய், சேருவில பக்கம் ஒரு சிப்பாயின் சம்பளத்தில் ஒரு குடும்பமே நிமிர்ந்து நிற்கிறது. வயல் பொய்த்தாலும் மாதம் முடிய வருகிற ஒரே காசு அது. நாளைக்கு ஐம்பதாயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பினால் அவர்களுக்கு வேலை கொடுக்கத் தனியார் துறை காத்துக்கொண்டு நிற்கவில்லை. ஆயுதம் பழகிய, வேலையில்லாத இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் நிற்பதும் ஒரு பாதுகாப்புப் பிரச்சினைதான். அதனால் குறைப்பு என்பது புதிதாகச் சேர்ப்பதை நிறுத்துவதில் தொடங்க வேண்டும், இருப்பவர்களைத் துரத்துவதில் இல்லை.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு பொறி இருக்கிறது. சாதாரண சிப்பாய் 22 ஆண்டு சேவை முடித்தால் ஓய்வூதியம். பத்தொன்பது வயதில் சேர்ந்தவருக்கு நாற்பத்தொன்றில் ஓய்வு, அதன்பின் இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு அரசாங்கம் கொடுக்க வேண்டும். அந்தப் பணம் பாதுகாப்பு அமைச்சின் கணக்கில் வராது, ஓய்வூதியத் திணைக்களத்தின் கணக்கில் போகும். ஆகவே படை சுருங்கி, பாதுகாப்பு ஒதுக்கீடு குறைந்ததுபோல் தெரிகிற அதே ஆண்டில் இன்னொரு தலைப்பின் கீழ் செலவு ஏறியிருக்கும். பாதுகாப்புச் செலவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு பக்கத்தையும் சேர்த்து வாசிக்காவிட்டால் அந்தப் பேச்சு அரைக்கணக்கு.

எந்தப் பக்கத்திலும் எழுதப்படாத செலவும் ஒன்று உண்டு. அது நிலம். மூதூர் கிழக்கில் உள்ள சம்பூர் மக்கள் 2006இல் எறிகணைக்கு நடுவே இடம்பெயர்ந்தார்கள். பிறகு அவர்களுடைய ஊர் உயர்பாதுகாப்பு வலயமானது. ஒரு பகுதியில் கடற்படை முகாம் வந்தது, இன்னொரு பகுதி முதலீட்டு வலயம் என்று எழுதி ஒதுக்கப்பட்டது. 2015இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. கடற்படை வைத்திருந்த 237 ஏக்கர் 2016இல் திரும்பியது. பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தில் அந்த வயல்களில் விளையாத நெல், அந்தக் கரையில் இழுக்காத கரைவலை, முகாமில் நிவாரண அரிசி வாங்கி வளர்ந்த பிள்ளைகளின் படிப்பு, இவற்றுக்குத் திறைசேரி ஒரு சதம் கூட எழுதவில்லை. ஆனாலும் அது பாதுகாப்புச் செலவு. கட்டியவர்கள் மூதூர் கிழக்கு மக்கள். சீனக்குடாவில் விமானப்படை நடத்துகிற கோல்ஃப் மைதானத்தைப் பார்க்கும்போதும் எனக்கு இதுதான் தோன்றுகிறது. படை பிடித்து வைத்திருக்கிற ஒவ்வொரு ஏக்கருக்கும் ஒரு வாடகையைக் கணக்கிட்டுப் பாதுகாப்பு அமைச்சின் செலவில் எழுதினால், எது தேவை, எது பழக்கத்தில் தொடர்கிறது என்பது ஒரே வருடத்தில் தெரிந்துவிடும். இது புதிய யோசனை இல்லை. ஒரு ரூபாய் வாடகை கூட இல்லாத எதையும் யாரும் தானாகத் திருப்பித் தருவதில்லை என்பது எந்த வீட்டுக்காரருக்கும் தெரியும்.

அப்படியானால் பாதுகாப்பே வேண்டாமா? 1948இல் இராணுவத்தைக் கலைத்த கொஸ்டாரிக்காவை உதாரணம் காட்டுவோர் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. கடலைப் பார்த்து வளர்ந்த எவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இலங்கையின் தரை 65,610 சதுர கிலோமீற்றர். நமக்கு உரிமையுள்ள பிரத்தியேக பொருளாதார வலயம் சுமார் 517,000 சதுர கிலோமீற்றர் கடல், தரையைப் போல் கிட்டத்தட்ட எட்டு மடங்கு. 2020 செப்டெம்பரில் ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெயோடு வந்த நியூ டயமண்ட் கப்பல் கிழக்குக் கரைக்கு அப்பால், சங்கமன்கண்டிக்கு நேரே தீப்பிடித்தது. அந்த எண்ணெய் கசிந்திருந்தால் கிழக்கில் ஒரு தலைமுறைக்கு மீன்பிடி இருந்திருக்காது. நம் கடற்படையும் இந்தியக் கப்பல்களும் சேர்ந்து நாட்கணக்கில் தண்ணீர் அடித்து அணைத்தார்கள். அடுத்த ஆண்டு மேற்குக் கரையில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கொள்கலன் கப்பல் எரிந்து மூழ்கியபோது அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை, நீர்கொழும்புக் கரை முழுக்கப் பிளாஸ்டிக் மணி ஒதுங்கியது. ஆழ்கடலில் இயந்திரம் நின்று அலைகிற நெடுநாள் படகுகள், போதைப்பொருள் கடத்தல், அனுமதியில்லாத மீன்பிடி எல்லாமே கடலில்தான். ஒரு தீவுக்கு ஆபத்து வருகிற வழி அதுதானே.

ஆனால் அந்தக் கடலுக்குப் போகிற பெரிய கப்பல்கள் எங்கிருந்து வந்தவை? சமுதுர, கஜபாகு, விஜயபாகு மூன்றும் அமெரிக்கக் கரையோரக் காவல்படை ஓய்வு கொடுத்த கப்பல்கள். கஜபாகு 1960களில் கட்டியது. பராக்கிரமபாகு 2019இல் சீனா அன்பளித்தது. கடல் கண்காணிப்புக்கான டோர்னியர் விமானம் 2022 ஓகஸ்டில் இந்தியா கொடுத்தது. கொடுத்தவர்களுக்கு நன்றி. ஆனால் லட்சக்கணக்கான ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கிற ஒரு நாடு, தன் கடலைப் பார்க்கிற கண்களைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்குகிறது. ஒன்றுக்கொன்று போட்டியாக நிற்கிற மூன்று வல்லரசுகளிடமும் ஒவ்வொன்றாக வாங்குகிறது. சிப்பாயின் சம்பளம் ரூபாயில், கப்பலும் உதிரிப்பாகமும் எரிபொருளும் டொலரில். டொலர் இல்லாத நாடு தானாகவே ஆள் நிறைந்த, கப்பல் குறைந்த படையை நோக்கித்தான் சரியும். யாரும் திட்டமிட்டு எடுத்த முடிவு இல்லை அது. கடன் நமக்காக எடுத்த முடிவு.

கடன் எடுத்த இன்னொரு முடிவு சீனக்குடாவின் மேல் காட்டில் நிற்கிறது. பிரித்தானியர் விட்டுப்போன குதங்களில் 99 எஞ்சியுள்ளன, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். 2003இல் ஆண்டுக்கு 100,000 டொலர் குத்தகைக்கு அவை இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் கிளையான லங்கா ஐஓசி நிறுவனத்திடம் போயின. 2022 ஜனவரியில் புதிய ஒப்பந்தம்: 14 ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 கூட்டு நிறுவனத்துக்கு. அடுத்த மாதமே எரிபொருளுக்கு 500 மில்லியன் டொலர் இந்தியக் கடன் கையெழுத்தானது. ஒப்பந்தம் நல்லதாகவே இருக்கலாம், அந்த ஆண்டு இந்தியா தந்த உதவி இல்லாவிட்டால் நாம் பட்டினி கிடந்திருப்போம் என்பதும் உண்மை. ஆனால் பயன்படுத்தத்தக்க வெளிநாட்டு நாணயக் கையிருப்பு 50 மில்லியன் டொலருக்கும் கீழே இறங்கப் போகிற ஒரு நாடு, தன் மிகப் பெரிய மூலோபாயச் சொத்தைப் பற்றி நிமிர்ந்து உட்கார்ந்து பேரம் பேச முடியாது. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனதும், 2022 ஓகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 என்ற கண்காணிப்புக் கப்பலை முதலில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிறகு வரவிட்டதும் இதே கதைதான். இந்த இடங்களில் எங்குமே நமக்குக் குறைந்தது சிப்பாய்கள் இல்லை. காசு குறைந்தது.

ஆள் எண்ணிக்கை உள்நாட்டு ஆபத்தைத் தடுக்கும் என்ற வாதத்துக்கு, உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல்கள் நடந்த 2019 ஏப்ரல் 21 பதில் சொல்லிவிட்டது. எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது, கையில் இருந்தது, யாரும் அதன்படி செய்யவில்லை. அன்று கொல்லப்பட்டவர்களைக் காப்பாற்ற ஒரு பில்லியன் கூட மேலதிகமாகத் தேவைப்பட்டிருக்காது.

மாறாக, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது என்ன தேவைப்பட்டது என்று பாருங்கள். மாவிலாற்றின் அணைக்கட்டு உடைந்தது. 2006இல் விடுதலைப் புலிகள் மதகைப் பூட்டி, நாலாம் ஈழப்போர் மூண்ட அதே மாவிலாறு. அன்று அந்த மதகைத் திறக்கப் படை வந்தது, இன்று வெள்ளத்தில் அகப்பட்ட மூதூர், வெருகல் பக்கத்து மக்களை மீட்கப் படை வந்தது. தேவைப்பட்டவை படகு, ஹெலிகொப்டர், பொறியியல் பிரிவு. அந்த நாட்களில் மீட்புப் பணிக்குப் போன பழைய பெல் 212 ஹெலிகொப்டர் ஒன்று லுணுவிலவில் விழுந்து விமானி இறந்தார். சம்பளப் பட்டியல் எல்லாப் பணத்தையும் தின்றால், ஆபத்து வேளையில் பறப்பது பழைய இயந்திரம்தான்.

என் முடிவைக் கேட்டால், மொத்த உற்பத்தியில் ஒரு வீதத்தை நெருங்கிய செலவு இந்த நாட்டுக்குப் போதும். போருக்கு முந்திய அமைதிக் காலங்களில் நாம் அந்த அளவில்தான் இருந்தோம். ஆனால் அந்த எண்ணை விட உள்ளே இருக்கிற பங்கீடு முக்கியம். தரைப்படையின் ஆளணியில் மிச்சம் பிடிக்கிறதில் பாதியைக் கடற்படைக்கும் கரையோரக் காவலுக்கும் அனர்த்த மீட்புக்கும் திருப்ப வேண்டும், மறுபாதி ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டும். சேவையை முடிக்கிறவருக்கு ஓய்வூதியத்தோடு ஒரு தொழிற்பயிற்சியும் கையில் இருக்க வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் தேவைக்கு மேல் நிற்கிற முகாம்கள் இந்தக் குறைப்பில் முதலில் வர வேண்டும். நிலம் திரும்பினால் செலவு குறைவது மட்டுமில்லை, அந்த நிலத்தில் வரி கட்டக்கூடிய ஒரு வருமானமும் பிறக்கும். உள்நாட்டில் அரசியல் தீர்வு ஒன்று வந்தால் இந்தக் கணக்கு இன்னும் இலகுவாகும். தமிழர்களை ஆபத்தாகப் பார்க்கிற வரைக்கும் எந்தப் பாதுகாப்பு அமைச்சரும் முகாமை மூடத் துணியமாட்டார்.

காலமும் அதிகம் இல்லை. மறுசீரமைத்த வெளிநாட்டுக் கடனின் முதலைத் திருப்பிக் கட்டுவது 2028இலிருந்து கனக்கத் தொடங்குகிறது. 2006க்கும் 2009க்கும் இடையில், போரின் கடைசிக் கட்டத்தில் பெருந்தொகையாகச் சேர்க்கப்பட்ட இளைஞர்கள் தங்கள் 22 ஆண்டுகளை முடிப்பதும் 2028க்கும் 2031க்கும் இடையில்தான். அவர்கள் விட்டுப்போகிற இடங்களுக்குப் புதிதாக ஆள் எடுப்பதா, இல்லையா என்ற முடிவு அந்த மூன்று நான்கு பாதீடுகளுக்குள் எடுக்கப்பட்டுவிடும். எடுத்தால் அடுத்த ஓய்வூதியக் கணக்கு 2050ஐத் தாண்டி ஓடும்.